மாசி பங்குனியில் ஒரு குடும்ப நடை: வண்ணத்துப்பூச்சியும் அதன் செடியும்

காலபோக நெல் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எவ்வளவு கிடைக்கும் என்று கமக்காரர் கூட்டத்தில் கதைத்துக்கொண்டிருக்கும் காலம் மாசி, பங்குனி. வருடத்தில் கமக்காரக் குடும்பத்துக்கு ஓரளவு கை ஓய்கின்ற நாட்களும் இவைதான். இந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பின்போ, வேறொரு விடுமுறை நாளிலோ, குடும்பமாக ஒரு மணித்தியாலம் குளக்கட்டு வழியே நடந்து வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து வருவது எப்படி என்பதே இந்தப் பாடம். “வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணவில்லை, சுவாமி வண்ணாத்திப்பூச்சி பார்க்கச் சொல்கிறார்” என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள். தேசிக்கன்றுக்கும், கறிவேப்பிலைக்கும், காணி துப்புரவாக்கும் வேலைக்கும் இந்தப் பாடத்தில் பங்கு இருக்கிறது.

குளிர்நாட்டுப் புத்தகங்களில், பனி உருகி வசந்தம் பிறந்ததும் முதல் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும் என்று எழுதியிருப்பார்கள். எங்களிடம் உருகுவதற்குப் பனி இல்லை. பழைய தமிழ்க் கணக்கின்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் வன்னியில் சித்திரை வரும்போது நிலம் வெடிக்கத் தொடங்கிவிடும். எமது வரண்ட பிரதேசத்தில் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வசந்தத்தைக் கொண்டுவருவது மாரி மழைதான். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்த மழையில் செடிகள் தளிர்க்கின்றன. தாய்ப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் தளிர் இலையில். முட்டை பொரித்து, புழு தின்று வளர்ந்து, சிறகு முளைத்து வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் மாசியில், வரம்புப் பூக்களும் இன்னும் வாடாத வேளையில், அவற்றை நாம் தாராளமாகக் காண்கிறோம்.

இதைக் குடும்பமாகச் செய்யுங்கள் என்று கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்களும், 2008, 2009இல் வன்னிக்குள்ளேயே இடம்மாறி இடம்மாறி முள்ளிவாய்க்கால் வரை போனவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கும் அதற்கு முந்திய நலன்புரி நிலையங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் தண்ணீர் வரிசையையும் நிவாரண அட்டையையும் நன்றாக அறிந்திருந்தார்கள். வேலியோரத்துச் செடியின் பெயர் கேட்டால் தெரியாது. அதில் அவர்களுடைய குற்றம் எதுவுமில்லை. பெயர் சொல்லிக் கொடுக்க வேலி இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? ஆகவே இந்த நடைக்கு அம்மம்மாவோ, அப்பாச்சியோ, அயலில் உள்ள ஒரு வயோதிபரோ கட்டாயம் வரவேண்டும். அவர்தான் ஆசிரியர். வண்ணத்துப்பூச்சியைப் பிள்ளை காட்டும். செடியின் பெயரை அவர் சொல்வார்.

நடக்குமுன் ஒரு எச்சரிக்கை

வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் ஓடுவது பிள்ளையின் இயல்பு. எங்கள் மாவட்டங்களில் அந்த இயல்பே ஆபத்தாகலாம். கண்ணிவெடி அகற்றி, பாவனைக்கு விடப்பட்ட பாதையிலும் காணியிலும் மாத்திரம் நடவுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்துக்குக் கிட்டப் போகவேண்டாம். பலகை விழுந்து, துருப்பிடித்து, புல்லுக்குள் கிடக்கவும் கூடும். ஆகவே பலகை இல்லை என்பதற்காக இடம் நல்லது என்று எண்ணக்கூடாது. அயலவரையும் கிராம அலுவலரையும் கேட்டறியுங்கள். பழைய மண் அணை, பதுங்குகுழி, கைவிடப்பட்ட வீடு, வெள்ளம் அரித்த வாய்க்கால் ஆகியவற்றை விலக்குங்கள். வெள்ளத்தோடு வெடிபொருள் இடம்மாறுவதும் உண்டு. அறியாத பொருள் எதையாவது கண்டால் தொடாமல், எறியாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம் போதும்: பூச்சி பாதையை விட்டுப் போனால் போகட்டும், நாங்கள் பாதையை விட்டு இறங்குவதில்லை. இதை வீட்டு முற்றத்திலேயே இரண்டு மூன்று தடவை விளையாட்டாகப் பழக்குங்கள். நின்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் அதிகம் தெரியும் என்பதும் உண்மை. துரத்துகிறவனுக்கு வண்ணத்துப்பூச்சியின் பின்புறம் மாத்திரமே தெரியும்.

எந்த நேரம்?

விடியற்காலையில் போய்ப் பயனில்லை. வண்ணத்துப்பூச்சி தன் உடலைத் தானே சூடாக்க முடியாதது. வெயில் ஏறியபின் சிறகை விரித்துக் காய்ந்து, உடல் சூடானால்தான் பறக்கும். காலை எட்டரை தொடக்கம் பதினொரு மணி வரை நல்லது. மத்தியான வெயிலில் அவையும் நிழலுக்குப் போய்விடும், நாங்களும் போகவேண்டும். ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கொப்பி, ஒரு பென்சில். வலை வேண்டாம். பிடித்தால் சிறகிலுள்ள செதில் மாவாகக் கையில் ஒட்டிக்கொள்ளும். செதில் போன இடம் திரும்ப வளராது.

செடியின் பெயராலே அழைப்போம்

இலங்கையில் ஏறக்குறைய 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் அநேகமாக இல்லை. எல்லாம் வண்ணாத்திப்பூச்சிதான். இதைப் பெரிய குறையாக எண்ணவேண்டியதில்லை, எங்களுக்கு வசதியான ஒரு வழி இருக்கிறது. நிறையுடலி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், புழு அப்படியல்ல. ஒவ்வொரு வகைப் புழுவும் தனக்கென்று உள்ள ஒன்றிரண்டு செடிகளை, அல்லது ஒரு செடிக் குடும்பத்தை மாத்திரமே தின்னும். வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். ஆகவே பூச்சியை அதன் புழு தின்னும் செடியின் பெயரால் அழைத்தால் பெயரும் கிடைக்கும், அது எங்கே பிறந்தது என்பதும் தெரியும்.

எருக்கலையோடு தொடங்குவோம். காணி தரிசாகக் கிடந்தால் முதலில் வருவது எருக்கலை. அதனைச் சுற்றி மெதுவாக, அவசரமில்லாமல், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சி பறக்கும். முன்சிறகின் நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள். இது எருக்கலையான். இதன் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று சோடி மெல்லிய கொம்புகளோடு இருக்கும். அது எவருக்கும் ஒளிக்காமல் இலைமேல் இருப்பதற்குக் காரணம் உண்டு. எருக்கலைப் பால் நஞ்சு. அந்த நஞ்சு புழுவின் உடலிலும், பின்பு பூச்சியின் உடலிலும் தங்குகிறது. ஒருமுறை தின்று ஓங்காளித்த குருவி மறுமுறை கிட்டவும் போகாது. இதன் தைரியத்தைப் பார்த்து வேஷம் போடுகிற இன்னொரு பூச்சியும் உண்டு. அதில் பெண் அப்படியே எருக்கலையான் போலச் செம்மஞ்சளாக இருக்கும். ஆணோ கறுப்பு, சிறகில் ஊதா விளிம்பிட்ட மூன்று சோடி வெள்ளை வட்டங்கள். நஞ்சு இல்லாதவள் நஞ்சுள்ளவளின் சேலையை உடுத்தித் தப்புகிறாள் என்று அப்பாச்சி சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது ஆடுதின்னாப்பாளை. பெயரே சொல்லுகிறது, ஆடும் தின்னாத கைப்பு. ஆனால் அந்தக் கொடியையும் ஈசுரமூலியையும் தின்று வளர்கிறது ஒரு பெரிய கறுப்புப் பூச்சி. முன்சிறகில் வெள்ளைப் பட்டி, பின்சிறகில் இரத்தச் சிவப்புப் பொட்டுகள், உடலும் சிவப்பு. இதற்கும் வேஷக்காரி உண்டு. தேசி இலை தின்னும் இன்னொரு வகையின் பெண்களில் சில இதைப்போலவே தோன்றும். வித்தியாசம் காண்பது பிள்ளைகளுக்கு நல்ல சோதனை: உடலைப் பாருங்கள். சிவப்பு உடல் என்றால் உண்மையான நஞ்சுக்காரி, கறுப்பு உடல் என்றால் வேஷம். சிவப்புடல் பூச்சி கூட்டமாக இடம்பெயர்வதும் உண்டு. தனுஷ்கோடிக்கு அப்பால் கடல்மேல் இலங்கைப் பக்கமாக அது பறப்பதைக் கண்டவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலை இரவில் படகில் கடந்த குடும்பங்கள் எமது வாசகர்களில் பல. அவர்களுக்கு அதன் தூரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கொன்றையின் பூச்சி வெளிர் மஞ்சள், சிலவேளை பச்சை கலந்த வெள்ளை. வேகமாக, ஒரே திசையில் பறக்கும். இதன் புழு இலையின் பச்சை நிறமே, கண்ணுக்குத் தெரியாது. சில வருடங்களில் கொன்றை மரத்தையே மொட்டையாக்கிவிடும். பயப்படவேண்டாம், மரம் திரும்பத் தளிர்க்கும். பங்குனி, சித்திரையில் வடகீழ்க் காற்று ஓய்ந்து காற்று மாறும் இடைக்காலத்திலும், மாரி தொடங்குமுன் ஐப்பசி, கார்த்திகையிலும் இந்த இனமும் வேறு சில இனங்களும் ஆயிரக்கணக்கில் நாட்டுக்குக் குறுக்கே போவதைக் காணலாம். சிவனொளிபாத மலைக்குச் சிங்கள மக்கள் வழங்கும் ஒரு பெயர் சமனல கந்த. சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. அவை மலையைக் கும்பிட்டு அங்கேயே உயிர்விடப் போகின்றன என்பது பழைய நம்பிக்கை. மலைக்கு யாத்திரை போகும் காலம் மார்கழிப் பூரணை தொடக்கம் வெசாக் வரை. பூச்சிகள் திரளும் பங்குனியும் அதற்குள்ளே வருவதால் அந்த எண்ணம் பிறந்ததில் வியப்பில்லை. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் என நான்கு சமயத்தவரும் தத்தம் கதையோடு ஏறுகின்ற மலை அது. பூச்சிகளின் உண்மையான அலுவல் தளிரும் தேனும் உள்ள இடத்தைத் தேடுவதே.

இன்னும் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நிலத்தோடு ஒட்டித் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் பூச்சி தகரையிலும் வாகையிலும் பிறந்தது. மண்ணிறத்தில் வெள்ளைப் பொட்டு விளிம்போடு இருப்பது அலரியிலும் ஆல், அரசிலும் வளர்வது. அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம்போல மினுங்கும். அலரி வேலி இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பார்த்தபின் கையைக் கழுவவேண்டும், அலரி நஞ்சு.

தேசிக்கன்றும் கறிவேப்பிலையும்

இந்தப் பகுதியைச் சற்று நின்று வாசியுங்கள். மீள்குடியேறிய குடும்பங்களுக்குத் தேசிக்கன்றும் தோடங்கன்றும் கொடுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். கன்று நட்டு இரண்டு மாதத்தில் இலை எல்லாம் போய்விட்டது, நரம்பு மாத்திரம் நிற்கிறது என்று பெண்கள் முறையிடுவார்கள். அது தேசியானின் வேலை. கறுப்பில் வெளிர் மஞ்சள் பொட்டுகள் நிறைந்த, பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டுள்ள, வால் இல்லாத பெரிய பூச்சி அது.

தாய்ப்பூச்சி தளிர் இலையில் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சளாக உருண்டையாக இருக்கும். மூன்று நான்கு நாளில் புழு வரும். முதலில் அதைப் புழு என்று யாரும் சொல்லமாட்டார்கள்; மண்ணிறமும் வெள்ளையுமாக, குருவி எச்சம் இலையில் விழுந்ததுபோல இருக்கும். குருவி தன் எச்சத்தைத் தின்னாதல்லவா? வளர்ந்து கடைசித் தோலைக் கழற்றியதும் பச்சையாகிவிடும். அப்போது ஒரு ஈர்க்கால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பு எழும்பும், கடுமையான மணம் வீசும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு அது. பிள்ளைகளுக்கு இதைவிட வேடிக்கை வேறில்லை. இரண்டு மூன்று கிழமைக்குப் பின் புழு ஒரு கொப்பில் தன்னை நூலால் கட்டி, மரத்திலேறுகிறவன் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல நின்று கூட்டுப்புழுவாகும். எட்டுப் பத்து நாளில் பூச்சி வெளிவரும்.

வளர்ந்த தேசி மரத்துக்கு இந்தப் புழுவால் பெரிய சேதம் இல்லை. சேதம் கன்றுக்குத்தான். ஒரு சிறு கன்றில் நான்கு பெரிய புழு இருந்தால் ஒரு கிழமையில் மொட்டை. இதற்கு மருந்து தேவையில்லை. கிழமையில் இரண்டு நாள் பிள்ளைகள் இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் கையால் எடுத்துவிட்டால் போதும். எடுத்ததை எங்கே போடுவது? வளவில் ஒரு வில்வ மரமோ பழைய தேசி மரமோ இருந்தால் அதில் விடுங்கள். அதையும் அவை தின்னும்.

கறிவேப்பிலையிலும் இதே புழுவும் இதன் இனத்தவையும் வரும். கத்தரிக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் கறிவேப்பிலை மரத்துக்கும் தேசிக்கன்றுக்கும் அடிக்கிற பழக்கம் பல வளவுகளில் இருக்கிறது. மிஞ்சியதை ஏன் வீணாக்குவான் என்ற எண்ணம். அன்று பின்னேரமே தாய் அதே மரத்தில் ஒரு நெட்டு முறித்துச் சொதிக்குள் போடுகிறாள். நெல்லுக்கும் மரக்கறிக்கும் மருந்தடித்தபின் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கிறது. கறிவேப்பிலைக்கு யார் காத்திருக்கிறார்கள்? புழு தின்ற கறிவேப்பிலை நல்ல கறிவேப்பிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். புழு செத்த மரத்தின் இலையைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம்.

காணியே இல்லாமல் பிறர் வளவில் இருக்கும் குடும்பத்தினரும் இந்தப் பாடத்தைச் செய்யலாம். ஒரு வெற்று ஹோர்லிக்ஸ் போத்தலில் சிறிது தண்ணீர் விட்டு, தேசிக் கொப்பை அதில் நிறுத்தி, புழு தண்ணீரில் விழாதபடி வாயைத் துணியால் அடையுங்கள். அதை ஒரு பழைய பெட்டிக்குள் வைத்து நுளம்புவலைத் துண்டால் மூடுங்கள். நாள்தோறும் புதிய இலை. புழு எத்தனை இலை தின்றது என்று எண்ணச் சொல்லுங்கள். சிலவேளை பூச்சிக்குப் பதிலாக, கூட்டுப்புழுவில் சிறு துளை விழுந்து, எறும்பளவு குளவிகள் பல வெளியே வரும். பிள்ளை அழுதால், அந்தக் குளவி கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டுத் தன் குஞ்சை வளர்த்தது என்று விளக்குங்கள். வயலில் புழுவைக் கட்டுப்படுத்தும் கூலியில்லாத வேலையாட்களில் அதுவும் ஒன்று.

பாஸ்காக் காலத்துப் பிரசங்கங்களில் வண்ணத்துப்பூச்சி உயிர்ப்புக்கு உவமையாக வருவது வழக்கம். உவமை அழகானது, ஆனால் போத்தலில் வளர்த்துப் பார்த்த பிள்ளை உங்களைத் திருத்தும். புழு சாவதில்லை. கூட்டுக்குள்ளே உயிரோடேயே அதன் உடலின் பெரும்பகுதி கரைந்து வேறாகிறது. சிறகின் அரும்புகள் புழுவாக இருந்த நாளிலேயே உள்ளே இருந்தவை. எனக்கென்னவோ, தவக்காலத்துச் சிந்தனைக்கு இந்த உண்மை அந்த உவமையைவிட அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

சேற்றில் கூடுபவை

குளத்து அலைகரையில் தண்ணீர் வற்றிய ஈரமண்ணில், மாடு நின்று சலம் விட்ட இடத்தில், பத்து இருபது பூச்சிகள் சிறகை மடக்கிக் கூட்டமாக இருப்பதைக் காணலாம். அநேகமாக எல்லாம் ஆண்கள். இலையிலும் தேனிலும் உப்புக் குறைவு. அதை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து, சோடி சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. முட்டைக்கு அது பயன்படுகிறது. சீதனம் இங்கே ஆண்தான் கொண்டுபோகிறான். எங்கள் சமூகம் இதைக் கவனித்தால் நல்லது.

பசளைக்காகச் சணல் விதைத்தவர்களும், கிலுகிலுப்பை, தேள்கொடுக்கி முளைத்த வரம்புள்ளவர்களும் இன்னொன்றைக் காணலாம். அந்தச் செடி காய்ந்து கிடக்கும்போது, நீலக் கோடுள்ள பூச்சிகளும் எருக்கலையானும் பூவே இல்லாத காய்ந்த தண்டில் மொய்க்கும். அதிலுள்ள ஒரு கைப்புப் பொருளை ஆண் பூச்சிகள் எடுத்துத் தமது பாதுகாப்புக்கும், பெண்ணைக் கவரும் மணத்துக்கும் பயன்படுத்துகின்றன.

மருந்துப் போத்தலை எடுக்குமுன்

வண்ணத்துப்பூச்சி எல்லாம் கமக்காரனின் நண்பன் என்று எழுதினால் அது பொய். தேசிக்கன்றைப் பற்றிச் சொன்னேன். கௌபீயிலும் பயற்றங்காயிலும் காயைத் துளைக்கும் புழுக்களில் ஒன்று, சிறிய நீல வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. நெல் இலையைத் தின்னும் இரண்டொரு வகையும் உண்டு. அவை மருந்தடிக்கும் அளவுக்கு அநேகமாகப் பெருகுவதில்லை. பூக்களில் மகரந்தம் சேர்ப்பதிலும் பெரும்பங்கு தேனீக்குரியதே. இது அதற்கு ஒரு கைத்துணை.

ஆனால் பெரிய நட்டம் தருபவை வேறு. நெல்லின் தண்டு துளைப்பான், இலை சுருட்டி, 2018இல் எமது நாட்டுக்குள் வந்து சோளத்தை அழித்த சேனா படைப்புழு ஆகியவை அந்துப்பூச்சிகளின் புழுக்கள். அந்துப்பூச்சி பெரும்பாலும் இரவில் பறக்கும், இருக்கும்போது சிறகைக் கூரைபோலவோ தட்டையாகவோ வைத்திருக்கும், அதன் உணர்கொம்பு நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலைபோலப் பருத்திருக்கும். பகலில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு பயந்து வயலுக்கு மருந்தடிப்பவர், வராத கள்ளனுக்கு நாயை அவிழ்த்து, வந்த விருந்தாளியைக் கடிக்க விடுகிறார்.

மருந்தை முற்றாக விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் திடீரென்று தடை வந்து, அவ்வருட இறுதியிலேயே அது நீக்கப்பட்டபோது, இடையில் நட்டப்பட்டவர்கள் கமக்காரரே. கட்டளையால் வருகின்ற மாற்றம் அப்படித்தான் முடியும். புழுவைப் பார்த்து, இது எந்தப் புழு, எத்தனை இருக்கிறது என்று கண்டபின், விவசாயப் போதனாசிரியரையும் கேட்டு முடிவெடுக்கப் பழகுங்கள். பார்க்கப் பழகுவதற்கு இந்த ஒரு மணித்தியால நடை நல்ல தொடக்கம்.

காணி துப்புரவாக்கும்போது

இருபது முப்பது வருடம் பற்றை பிடித்துக் கிடந்த காணி திரும்பக் கையில் வந்தால், முதலில் பெக்கோ பிடித்து எல்லாவற்றையும் வழித்துத் தள்ளி நெருப்பு வைப்பதே இன்றைய வழக்கம். பாம்புப் பயம் நியாயமானது. வீட்டைச் சுற்றித் துப்புரவு வேண்டும்தான். ஆனால் கொன்றை, வில்வம், வாகை, வேலியில் படர்ந்த ஈசுரமூலி, ஒரு எருக்கலை ஆகியவை எல்லையோரம் நின்றால் யாருக்கு நட்டம்? கிளுவையும் பூவரசும் நட்ட வேலி ஆட்டுக்குக் குழை தந்தது, நெல்லுக்குப் பசளை தந்தது, எண்ணற்ற பூச்சிக்கும் குருவிக்கும் வீடாயிற்று. கொங்கிறீற்றுத் தூணும் முட்கம்பியும் எல்லையை மாத்திரம் காட்டும். காணியைத் துப்புரவாக்குமுன் அப்பாச்சியை ஒருமுறை எல்லை சுற்றி நடத்தி, எது எது நிற்கவேண்டும் என்று துணி கட்டச் சொல்லுங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், புழுக்களையும் பூச்சிகளையும்கூட விட்டுவிடாமல் குறிப்பிட்டு, அவை இல்லாமல் நிலம் இயங்காது என்று நினைவூட்டியிருக்கிறார்.

கொப்பியில் எழுதுவது

ஒரு பக்கத்தில் திகதி, இடம், நேரம். கீழே செடியின் பெயரும், அதன் பூச்சியைக் கண்டோமா இல்லையா என்பதும். நிறம் தீட்டப் பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால் தீட்டட்டும். மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அதே பாதையில் நடவுங்கள். அடுத்த வருடமும் அதே மாதத்தில் நடவுங்கள். ஆடுதின்னாப்பாளை என்று எழுதியிருக்கிறது, சிவப்புடல் பூச்சியைக் காணவில்லை என்றால், கொடி இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கொடியே போயிருக்கும். பெயர் தெரியாத செடிக்கு ஒரு இலையைக் கொப்பிக்குள் அமர்த்தி வைத்து, பழைய ஊரவர் கூடும் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ காட்டிக் கேளுங்கள். இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள், சொந்த ஊரில் வீட்டைச் சுற்றி நின்ற செடிகளின் பெயர்களை ஞாபகத்திலிருந்து ஒரு பக்கத்தில் எழுதலாம். பிள்ளைகள் எழுத, மூத்தவர்கள் சொல்லட்டும்.

அன்பியக் கூட்டத்திலும், மாதர் சங்கத்திலும், கமக்காரர் கூட்டத்திலும் கலந்துரையாட: உங்கள் வளவில் கறிவேப்பிலைக்கு மருந்து அடிக்கப்படுகிறதா, அடிப்பவர் யார், இலை பிடுங்குபவர் யார்? உங்கள் வேலியில் இருபது வருடத்துக்கு முன் நின்று இன்று இல்லாத மூன்று செடிகள் எவை? அவற்றில் ஒன்றின் விதையோ தடியோ யாருடைய காணியில் இன்னும் கிடைக்கும்?